தடிமனுக்குக் கட்டின வேப்பிலை

போன வாரம் நிரோஷா என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. நான் ஓய்வு பெத்த பிறகு எங்க தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்த இப்ப அவதான் பாத்துக்கிறா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போற நேரத்துல, கைக்குழந்தையில இருந்து பள்ளிக்கூடம் போற வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைங்களையும் விட்டுட்டுப் போற இடம் அது. படத்துல நாலு பத்தி. சாதாரணத் தடிமன், இன்ஃப்ளுவன்சா, கொவிட், ஆர்.எஸ்.வி. பக்கத்துல காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், உடம்பு வலி, எவ்வளவு வேகமா ஒட்டும்னு வரிசையா எழுதி, சில இடத்துல ஒரு சரி, சில இடத்துல ரெண்டு சரி, மிச்ச இடமெல்லாம் ‘சில வேளை’ன்னு போட்டிருக்கு. சுவத்துல ஒட்டச் சொல்லிக் குடுத்தாங்களாம்.

கீழ அவ குரல்லயே பேசி அனுப்பியிருந்தா. “டீச்சர், இருமல்னு பாத்தா நாலுலயும் இருக்கு. மூக்கொழுகல்னு பாத்தா அதுவும் நாலுலயும் இருக்கு. இத வச்சுக்கிட்டு நான் எந்தப் புள்ளைய உள்ள எடுக்குறது, எந்தப் புள்ளைய திருப்பி அனுப்புறது?”

எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. அப்புறம், சிரிக்கிறதுக்கு என்ன இருக்குன்னு என்னையே நான் திட்டிக்கிட்டேன். வாழ்க்கையில பாதிய அந்த மடுவத்துல கழிச்சவ நான். என்னைக் கேட்டாலும் ‘சில வேளை’ன்னுதான் சொல்லுவேன். எனக்குக் குடுத்த பயிற்சி பண்டாரவளையில ஒரு சின்ன கோர்ஸ். பாட்டு, களிமண், எடை போடுறது, கை கழுவ வைக்கிறதுன்னு போச்சு. சளியப் பத்தி ஒரே ஒரு மத்தியானம் சொன்னாங்க. அன்னைக்குப் பாத்து அடை மழை. தகரக் கூரையில விழுந்த சத்தத்துல பாதி கேக்கல, மீதிய நானே ஊகிச்சு எழுதிக்கிட்டேன். அந்த ஊகத்துலதான் இத்தனை காலம் ஓட்டினேன்னு வச்சுக்குங்களேன்.

மடுவத்துக்குப் பாதிக் கதவு. மேல் பாதி திறந்திருக்கும், கீழ் பாதி பூட்டியிருக்கும். காலையில பெரட்டுக் களத்துல அன்னன்னைக்கு யாருக்கு எந்த மலையில வேலைன்னு பிரிச்சுக் குடுத்த கையோட தாய்மார் ஓடி வருவாங்க. கீழ்க் கதவுக்கு மேலால பிள்ளைய நீட்டுவாங்க. நான் உடனே வாங்க மாட்டேன். புறங்கையால நெத்தியத் தொட்டுப் பாப்பேன். வாயத் திறக்க வச்சு மோந்து பாப்பேன். மூக்குத் துடைக்கிற துணிய வாங்கி அந்தப் பிள்ளையோட ஆணியில மாட்டுவேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஆணி. ஒருத்தர் துணி இன்னொருத்தர் ஆணிக்குப் போனா எனக்குக் கெட்ட கோவம் வரும். தொட்டில் சேலையும் அவங்கவங்க வீட்டுல இருந்துதான் வரணும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க தாய்மார் என்ன லேசுப்பட்ட ஆளுங்களா? பிள்ளைய நான் திருப்பி அனுப்பினா அவளுக்கு அன்னைக்கு வேலை இல்ல. அதனால வர்ற வழியில, தண்ணி பிடிக்கிற பீலிக்கரையிலயே மூக்கக் கழுவி, கன்னத்துல பவுடர அப்பி, வீட்டுலயே காய்ச்சலுக்குக் குடுக்கிற மருந்துப் பாணியும் ஊத்திக் கொண்டாந்துருவாங்க. பிள்ளை தொட்டா குளுகுளுன்னு இருக்கும். மலையில தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குப் பாணியோட வேலை முடியும், பிள்ளை அடுப்புக்கல்லு மாதிரி கொதிக்கும். “ஏண்டி, காய்ச்சலோட கொண்டாந்து விட்டியே”ன்னு சாயந்தரம் கேட்டா, “அய்யோ டீச்சர், நீங்கதானே தொட்டுப் பாத்து எடுத்தீங்க?”ன்னு என்னையே மடக்குவாங்க. என்னத்தச் சொல்ல! அவளத் திட்டுறதா, என் கையத் திட்டுறதா?

போதாக்குறைக்கு எங்க ஊரு பனி. ஹல்துமுல்லைக்கு மேல ஏறினா வெயில் காலத்துலயும் புகை மாதிரி இறங்கும். அந்தக் குளிர்ல நல்லா இருக்கிற மூக்கும் ஒழுகும். மூக்கு ஒழுகுற பிள்ளைய எல்லாம் திருப்பி அனுப்பணும்னா நான் தனியா உக்காந்து தொட்டிலத்தான் ஆட்டிக்கிட்டு இருக்கணும்.

படத்துல இருக்கிற நாலையும் நான் கண்ணால பாத்துட்டேன். பாத்தத சொல்றேன், சரியான்னு மட்டும் கேக்காதீங்க. சாதாரணத் தடிமன் மெதுவா வரும். தும்மும், ஒழுகும், ஆனா பிள்ளை விளையாட்ட விடாது. சோறு குறையும், குறும்பு குறையாது. இன்ஃப்ளுவன்சா அப்படி இல்ல. காலையில ஊஞ்சலுக்குச் சண்டை போட்ட பிள்ளை மத்தியானம் பாயில சுருண்டுரும். கால் குடையுதுன்னு அழும், கண்ணு செவந்துரும், தூக்கினா நம்ம மாரு சுடும். ஒண்ணு படுத்தா அந்த வாரத்துக்குள்ள பாதி மடுவம் காலி.

கொவிட்ட நினைச்சா எனக்கு இன்னும் தலை சுத்துது. பிள்ளைங்க ஓடி ஆடிட்டுத் திரியும், வீட்டுல பெரியவங்க படுத்துருவாங்க. ஆள் நல்லா இருக்கிறப்பவே அடுத்த ஆளுக்கு ஒட்டிருமாம். அப்ப யாரத்தான் நம்புறது? எங்க ஃபெக்டரியில தேயிலையோட பதத்த வாசத்த வச்சே சொல்ற டீமேக்கரய்யா ஒருத்தர் இருந்தாரு. ஒரு நாள் தேயிலை கருகி அந்த நாத்தம் ரோட்டு வரைக்கும் வருது, இவரு மட்டும் அடுப்புக்குப் பக்கத்துலயே அசையாம நின்னாரு. “என்னங்கய்யா, கருகுதே”ன்னு ஆள் கத்தினப்பதான் அவருக்கு மூக்கே வேலை செய்யலன்னு தெரிஞ்சுச்சு. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல, மூக்கு மட்டும் போச்சு. அவரு சம்சாரத்துக்கு எல்லாமே வந்துச்சு, வாசம் மட்டும் போகல. ரெண்டு பேருக்கும் ஒரே நோயாம். இதுக்கு எந்தக் கட்டத்துல சரி போடுவீங்க?

நாலாவதா இருக்கிற ஆர்.எஸ்.வி.ன்ற பேர நான் கடைசியாத்தான் கேள்விப்பட்டேன். அதச் சொல்றதுக்குத்தான் இவ்வளவும் எழுதுறேன். அதுக்கு முன்னால எங்க டிஸ்பென்சரையாவப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும்.

தோட்டத்து மருந்துச்சாலை அவர் பொறுப்புல இருந்துச்சு. பதுளை டவுன்காரரு. என்னை விட இளையவரு, ஆனாலும் நான் ‘ஐயா’ன்னுதான் கூப்பிடுவேன், அவரு என்னை ‘டீச்சர், வாங்க, போங்க’ம்பாரு. குரல உயர்த்திப் பேசி நான் பாத்ததில்ல. பிள்ளைக்குச் சுகமில்லன்னு கூப்பிட்டா வந்த உடனே தொட மாட்டாரு. முதல்ல சவக்காரம் போட்டு விரல் இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கை கழுவுவாரு. அப்புறம், “சட்டையத் தூக்குங்க. யாரும் பேசாதீங்க”ம்பாரு. தாயோட மடியில பிள்ளை படுத்திருக்கும். இவரு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டுக் குனிஞ்சு, கடிகாரத்த ஒரு தடவை, வயித்த ஒரு தடவைன்னு பாத்துக்கிட்டே நிப்பாரு. அந்த நேரத்துல யாராவது இருமினாக்கூட முறைப்பாரு.

“மூக்கப் பாக்காதீங்க டீச்சர், வயித்தப் பாருங்க” இது அவரோட பேச்சு. “விலா எலும்புக்குக் கீழ குழி விழுதா? மூக்கு ஓட்டை விரியுதா? பால் குடிக்கிறப்ப விட்டு விட்டு மூச்சு வாங்குதா? இதுல ஒண்ணு இருந்தாலும் என்னைத் தேடாதீங்க. ஆஸ்பத்திரியத் தேடுங்க.” நோயோட பேர் என்னன்னு கேட்டா, “பேர் பிறகு வரும்”ம்பாரு. நல்ல மனுசன். ஒரே ஒரு குணம்தான். “எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும்”னு அடிக்கடி சொல்லுவாரு.

கொவிட் கெடுபிடியெல்லாம் முடிஞ்சு மடுவம் மறுபடி திறந்த காலம். ஐப்பசி மழை விடாம அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கீழ் லயத்துல, வரிசை வீடு ஒண்ணுல, முரளி, தர்ஷினின்னு ஒரு சின்னக் குடும்பம். மூத்தவ சஞ்சனாவுக்கு நாலு வயசு, மடுவத்துல எனக்கு வால் மாதிரி பின்னாலயே திரியுவா. இளையது கைக்குழந்தை, பாப்பான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தர்ஷினி பிரசவ லீவு முடிஞ்சு அப்பத்தான் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தா. முரளி மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தான்.

அந்த வாரம் மடுவத்துல எல்லாருக்கும் தடிமன். சஞ்சனாவுக்கு ஒழுகுது, எனக்குத் தும்மல், தர்ஷினிக்கும் தும்மல். பெருசா யாரும் படுக்கல. கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சோம், வேலையப் பாத்தோம். பாப்பாவுக்கு மட்டும் இருமல் பிடிச்சு, பால் குடிக்கிறது குறைஞ்சுச்சு. ஐயா வீட்டுக்கே போய்ப் பாத்தாரு. வயித்துல குழி இல்ல. “பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா சின்ன உசுரு. மடுவத்துக்கு அனுப்பாதீங்க. வீட்டுக்கு ஆளுங்கள விடாதீங்க. மூச்சு மாறினா உடனே சொல்லுங்க”ன்னாரு.

ஆளுங்கள விடாதீங்கன்னா நடக்கிற காரியமா? லயத்துல எல்லா வீட்டுக்கும் முன்னால திண்ணை மாதிரி ஒரே நீட்டு இஸ்தோப்பு. ஒரு வீட்டுல பிள்ளை இருமினா பத்து வீட்டுக்குக் கேக்கும். கேட்டுட்டுப் போய்ப் பாக்கலன்னா அது பெரிய மனவருத்தம். வந்தா சும்மா பாப்பாங்களா? பிள்ளையத் தூக்கணும், கொஞ்சணும், நெத்தியில துன்னூறு பூசி வாயால ஊதணும். வந்ததுல பாதிப் பேருக்குத் தடிமன் வேற. மாஸ்க் போட்டுக்கிட்டு வாங்கன்னு நான் சொன்னதுக்கு, “கொவிட்டுதான் போயிருச்சே டீச்சர்”னு சிரிச்சாங்க.

ஐயாகிட்ட போய்ப் பொரிஞ்சேன். “அம்மா போட்ட வீட்டுக்கு யாராவது போறாங்களா?”ன்னு கேட்டாரு. அம்மைய நாங்க அப்படித்தான் சொல்லுவோம். வாசல்ல வேப்பிலை தொங்குச்சுன்னா தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள போகாது. “எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். மாஸ்க்குக்குப் பயப்பட மாட்டாங்க, வேப்பிலைக்குப் பயப்படுவாங்க”ன்னாரு. எனக்கு அது சரியா தப்பான்னு பிடிபடல. தலைய ஆட்டினேனா இல்லையான்னும் ஞாபகம் இல்ல.

எங்க உசரத்துல வேம்பு வளராது. மொனராகலை பஸ்ல வர்ற கண்டக்டர்கிட்ட சொல்லி ஒரு கட்டு வரவச்சு, ஐயாவே தன் கையால வாசல்ல கட்டினாரு. “இது நோய்க்கு இல்லம்மா, ஆளுங்கள நிறுத்துறதுக்கு”ன்னு தர்ஷினிகிட்ட விளங்கப்படுத்தினாரு. அவளும் சரிங்கய்யான்னா. சொன்னா நம்ப மாட்டீங்க, அன்னைக்கே இஸ்தோப்பு காலி. சாப்பாட்டுக் கோப்பையைக் கூடத் தூரத்துல வச்சுட்டுப் போனாங்க. ஐயாவுக்குச் சந்தோசம் தாங்கல.

அடுத்த நாள் முரளி வந்து சேர்ந்தான். பிள்ளைக்குச் சுகமில்லன்னு கேட்டு, போட்ட வேலையப் போட்டபடி விட்டுட்டு வந்தவன், தூரத்துலயே வேப்பிலையப் பாத்துட்டான். செருப்ப ரோட்டுலயே கழட்டிட்டு, பீலிக்கரையில தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட வீட்டுக்குள்ள போனானாம். தாளிக்கக் கூடாதுன்னுட்டான். ஐயா குடுத்த மூக்குச் சொட்டு மருந்தத் தூக்கி ஓரமா வச்சுட்டான். அம்மா இருக்கிற உடம்புல மருந்து படக் கூடாது இல்லையா? தர்ஷினி உள்ளதச் சொல்லியிருக்கா. “யாராவது வெளையாட்டுக்கு வேப்பெல கட்டுவாங்களாடி? நீ பயந்துருவேன்னு ஐயா அப்புடி சொல்லியிருப்பாரு”ன்னுட்டான். போதாததுக்குப் பாப்பாவோட கழுத்துலயும் மாருலயும் செவப்பு செவப்பா பொடிப்பொடியா கிளம்பியிருந்துச்சு. அதப் பாத்ததும் தர்ஷினிக்கே சந்தேகம் வந்துருச்சு.

எனக்கு இது ஒண்ணும் தெரியாது. ஐயா ஒரு கூட்டத்துக்காகப் பதுளைக்குப் போயிருந்தாரு. பிள்ளை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வருவோம்னு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைங்கள உதவிக்கு நின்ன ஆயாகிட்ட விட்டுட்டு இறங்கிப் போனேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க எட்ட நின்னே, “போகாதீங்க டீச்சர், தலைக்கு ஊத்தட்டும்”னு தடுத்தாங்க. காலக் கழுவிட்டு, மாஸ்க்க இழுத்து விட்டுக்கிட்டு உள்ள போனேன். பாப்பா தர்ஷினி மடியில கிடந்துச்சு. அழல. அழாததுதான் எனக்குப் பயத்தக் குடுத்துச்சு. சட்டையத் தூக்கினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழ உள்ள வாங்கிக் குழி விழுது. மூக்கு விரியுது. உதட்டச் சுத்தி ஒரு மாதிரி சாம்பல் நிறம். காய்ச்சல் இருக்கான்னு தொட்டா, அப்படி ஒண்ணும் சுடல. பக்கத்துலயே நின்ன முரளி பக்கம் திரும்பினேன்.

“தம்பி, ஓட்டோவக் கூப்புடு. பதுளைக்குப் போகணும்”னேன்.

“அம்மா இருக்கிறப்ப வாசல் தாண்டக் கூடாது டீச்சரம்மா. தலைக்கு ஊத்திட்டுப் போவோம்.”

“அடப் பாவி, இது அம்மை இல்லடா! தடிமன்டா! நெஞ்சுல எறங்கியிருக்கு!”

“தடிமனுக்கு யாராவது ஒடம்புல முத்து போடுமா?” அவன் சட்டைய விலக்கிக் காட்டினான். நான் பாத்தேன். வேர்க்குரு மாதிரியும் இருந்துச்சு, வேற மாதிரியும் இருந்துச்சு. சத்தியமா எனக்கே அந்த நிமிசம் தெரியல.

ஐயாவுக்குப் போன் போட்டேன். குழி விழுதுன்னு சொன்ன உடனே அவரு குரல் முதல் தடவையா உயர்ந்துச்சு. “உடனே கொண்டு வாங்க. நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்”னாரு. முரளிக்குக் கேக்கிற மாதிரி போன வச்சேன். “முரளி, அந்த வேப்பிலைய நான்தான்ப்பா கட்டினேன். ஆளுங்க வரக் கூடாதுன்னு கட்டினேன். அது அம்மை இல்ல”ன்னாரு.

முரளி ஒரு மரியாதையோட, கைய மாருக்குக் குறுக்கால கட்டிக்கிட்டு, போனப் பாத்துப் பதில் சொன்னான். “நீங்க எதுக்குக் கட்டினீங்களோ எனக்குத் தெரியாதுங்கய்யா. ஆனா கூப்ட்டாச்சு. அம்மா வந்து ஒக்காந்துட்டா.”

ஐயா ஆளுங்கள நிறுத்தச் சாமியக் கூப்பிட்டாரு, வந்த சாமிய இப்ப எப்படி இல்லன்னு சொல்லுறது? எனக்குள்ளயே ரெண்டு மனசு. ஒண்ணு, இந்தப் பையன அறைஞ்சுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுங்குது. இன்னொண்ணு, ஒருவேளை அவன் சொல்றது சரியோன்னு நடுங்குது. நானும் அதே லயத்துல பிறந்தவதானே.

அப்புறம் நான் செஞ்சத நானா யோசிச்சுச் செய்யல. வாசலுக்குப் போய் ரெண்டு கையாலயும் வேப்பிலைய அவிழ்த்தேன். வெளிய நின்ன பொம்பளைங்க, “ஐயய்யோ டீச்சர்!”னு அலறினாங்க. அதத் தலைக்கு மேல தூக்கி, “தாயே, புள்ளைக்கு மூச்சு முட்டுது. பதுளைக்குப் போறோம். நீயும் கூடவே வா”ன்னேன். முரளி கையில குடுத்தேன். “அம்மாவ நாங்க விட்டுட்டுப் போகலடா. கூட்டிக்கிட்டுப் போறோம். நீ தூக்கிட்டு முன்னால நட”ன்னேன். அவன் என்னைப் பாத்தான், வேப்பிலையப் பாத்தான். கண்ணுல தண்ணி. வாசல் தாண்டினான். நடிச்சேனா, நம்பித்தான் கும்பிட்டேனான்னு என்னை யாரும் கேக்காதீங்க. எனக்குத் தெரியாது.

ஓட்டோக்காரப் பையன் வேப்பிலையப் பாத்ததும் செருப்பக் கழட்டிட்டான். பண்டாரவளை, ஹாலி-எலன்னு அந்த வளைவெல்லாம் அவன் வெறுங்கால்லதான் ஓட்டினான். முரளி முன்னால அவன் பக்கத்துல ஒட்டிக்கிட்டு, வேப்பிலைய மடியில வச்சிருந்தான். நானும் தர்ஷினியும் பின்னால. நான் பிள்ளையோட வயித்த விட்டுக் கண்ண எடுக்கல. ஒவ்வொரு குழிக்கும், “இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு தங்கம்”னு வாய் முணுமுணுத்துச்சு.

ஆஸ்பத்திரியில இன்னொரு கூத்து. வேப்பிலையப் பாத்த உடனே வாசல்ல நின்ன ஆள் அம்மைன்னு நினைச்சு எங்கள ஒதுங்கச் சொல்றாரு. ஐயா ஓடி வந்து அம்மை இல்லன்னு சிங்களத்துல சொல்றாரு. முரளி அம்மைதான்னு தமிழ்ல சொல்றான். நல்லவேளை, உள்ள இருந்து வந்த டொக்டரம்மா ரெண்டையும் காதுல வாங்கல. சட்டையத் தூக்கிப் பாத்தாங்க, பிள்ளைய வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. ஒக்சிஜன் வச்சு, மூக்குச் சளிய உறிஞ்சி எடுத்து, மூக்கு வழியா குழாய் விட்டுப் பால் ஊத்தினாங்க. மத்தப் பிள்ளைங்களுக்கு ஒட்டக் கூடாதுன்னு ஓரமா ஒரு தனிக் கட்டில்ல போட்டாங்க.

பிறகு வந்து, மாருல இருக்கிறது வெறும் வேர்க்குருதான், நோய் நெஞ்சுலன்னு சொன்னாங்க. ஆர்.எஸ்.வி.ன்ற பேர அன்னைக்குத்தான் கேட்டேன். “வீட்டுல யாருக்காவது தடிமன் இருந்திச்சா? பெரிய ஆளுங்களுக்கு இது வெறும் தும்மல். இந்த வயசுல மூச்சுக் குழாய் நூல் மாதிரி. அடைச்சுரும்”னாங்க. கை, துணி, விளையாட்டுச் சாமான்னு எல்லாத்துலயும் இருந்து ஒட்டுமாம். இதுக்குன்னு தனியா மருந்து இல்லையாம், மூச்சுக்கும் பாலுக்கும் துணை நின்னா உடம்பே தேத்திக்குமாம்.

முரளி டொக்டரம்மா சொன்னத விரல் விட்டு எண்ணினான். “மருந்து இல்ல, தனியா வைக்கணும், ஆளுங்க கிட்ட வரக் கூடாது. அப்ப அம்மைக்கும் இதுக்கும் என்னங்கய்யா வித்தியாசம்?”னு டிஸ்பென்சரையாவக் கேட்டான். ஐயா அவன் கையப் பிடிச்சுக்கிட்டாரு. “ஒக்சிஜன்தான்ப்பா வித்தியாசம். நான் கட்டியிருக்கக் கூடாது”ன்னாரு. ஆனா ஆளுங்க வராம நின்னதும் அந்த வேப்பிலையாலதானே? அது கெட்டதா நல்லதான்னு நானும் ஐயாவும் பிறகு எத்தனையோ தடவை பேசியிருக்கோம். ஒரு முடிவுக்கும் வரல.

பாப்பாவுக்கு மெதுவா மூச்சு சீராச்சு. நான் மறுபடி பாக்கப் போன அன்னைக்குக் குழாய எடுத்திருந்தாங்க. இனி தாய்ப்பால் குடிக்கலாம்னு சொல்லியாச்சு. ஆனா தர்ஷினி கட்டிலுக்கு எட்ட, சுவத்தோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. பிள்ளை பசியில கத்துது, இவ கிட்ட போக மாட்டேங்கிறா. மாஸ்க் போட்டுக்கிட்டுக் குடுக்கலாம்னு நர்ஸ் எத்தனையோ தடவை சொல்லிட்டாங்களாம்.

“ஏண்டி இப்புடி ஒக்காந்திருக்க? புள்ள கத்துறது கேக்கலியா?”

“நாந்தானே குடுத்தேன் டீச்சர்?” வாயக் கையால பொத்திக்கிட்டா. “பால் குடுக்குறப்ப தும்மினேன். அது மொகத்துலயே தும்மினேன். நாந்தானே எம் புள்ளைக்குக் குடுத்தேன்?”

யாரு குடுத்தான்னு யாரால சொல்ல முடியும்? சஞ்சனாவா இருக்கலாம். துன்னூறு ஊதின வாய்ல ஏதாவது ஒண்ணா இருக்கலாம். தெரியாதுன்னுதான் சொல்லணும், அதுதான் உண்மை. ஆனா தெரியாதுன்னு சொன்னா அந்தப் பொண்ணு எந்திரிச்சு வரப் போறதில்லன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுச்சு.

“நீ இல்ல. நான்தான்”னேன். “மடுவத்துல எல்லாருக்கும் முன்னால எனக்குத்தான் தடிமன் வந்துச்சு. அதோடதான் பாப்பாவத் தூக்கி வச்சிருந்தேன். உனக்கும் நான்தான் குடுத்தேன், புள்ளைக்கும் நான்தான் குடுத்தேன். நீ போய்ப் பாலக் குடு.”

அவ என்னையே பாத்தா. அந்தப் பார்வைய நான் விவரிக்க மாட்டேன். எந்திரிச்சுப் போய்ப் பிள்ளையத் தூக்கினா. எனக்கு முதுகக் காட்டித் திரும்பி உக்காந்து பால் குடுத்தா. பாப்பா விடாம மடக் மடக்குன்னு குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் வெளிய வந்து சுவத்தப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். சந்தோசத்துலதான் அழுதேன்னு அப்ப நினைச்சேன்.

அன்னைக்கு பஸ்ல திரும்பி வர்றப்பதான் ஒரு யோசனை வந்துச்சு. பொய்தானே சொன்னோம்? முதல்ல தும்மினது சஞ்சனாவா, நானா? பனியில சஞ்சனா மூக்கு எப்பவுமே ஒழுகும், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குத் தும்மல் தொடங்கின அன்னைக்கு என் மடியில இருந்தது யாரு? எவ்வளவோ யோசிச்சேன். பாப்பாவா இருந்திருக்கலாம். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெளியல.

தர்ஷினி அதுக்குப் பிறகு பாப்பாவ மடுவத்துக்குக் கொண்டாரவே இல்ல. பூனாகலையில இருக்கிற அவ அக்கா வீட்டுல கொண்டு போய் விட்டா. நான் ஓய்வு பெறுற வரைக்கும் அந்தப் பிள்ளை என் கைக்கு வரல. கோவமா ஒரு வார்த்தை பேசினதில்ல, பாத்தா “டீச்சர் சுகமா?”ன்னு கேப்பா. அவ்வளவுதான்.

போன மாசம் பதுளை பஸ் ஸ்டேண்ட்ல அவங்களப் பாத்தேன். பாப்பா வளர்ந்துட்டா, குண்டுக் கன்னம், கையில ஒரு பிஸ்கட்டு. என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ரெண்டு எட்டு வச்சா. தர்ஷினி அவளோட தோளப் பிடிச்சு மெதுவாத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. தூக்கிக் கொஞ்சணும்னு எனக்குக் கை பரபரத்துச்சு. ஆனா நானும் கிட்ட போகல. அன்னைக்குக் காலையில இருந்தே எனக்குத் தொண்டை லேசா கரகரன்னு இருந்துச்சு.